பின்பலகை

"ஆசாரியாரே, பின்பலகைக்கு ஆணி அடிக்காதீங்க. ரெண்டு மரத் தாழ்ப்பாள் வச்சு, வேணும்னா கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சுருங்க."

சொன்னவன் பங்களா அப்பு வீரய்யா. தேயிலைத் தோட்டத்துத் துரைக்குச் சமைத்துப் போடுகிறவன். பழனியாண்டி ஆசாரி இழைப்புளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எதுக்கு?"

"தூசி தட்டத்தான்."

"முன்னால கதவு இருக்குல்ல?"

"தொரைக்குச் சொல்ல வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்."

அவ்வளவுதான், போய்விட்டான்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தகவல் தோட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளைக்காரத் துரைதான் எல்லாம்.

துரைக்கு விசித்திரமான சாமான் சேர்க்கிற பைத்தியம். பட்டிப்பொலக் காட்டு மரைக்கொம்பு, சிறுத்தைப் பல், ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சி, ஒல்லாந்தர் காலத்துக் காசு என்று இருபது வருஷச் சேகரம். எல்லாவற்றையும் விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு கண்ணாடி அலுமாரி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் ஒரு தட்டு. முன்னால் பூட்டு. சாவி துரையின் சங்கிலியில்.

ஆசாரி ஒவ்வொரு சாமானையும் நூல் பிடித்து அளந்து தாளில் கோடு போட்டார். நட்டநடுத் தட்டுக்கு உரியதை மட்டும் இரண்டுதரம் அளந்தார்.

அது மாசி மாதக் காமன் கூத்தில் மதன் வேஷக்காரன் வைக்கிற கிரீடம். பதினோரு மாசி மாதம் ஆசாரியின் தலையில் இருந்த கிரீடம்.

போன மாசியில் கூத்து முடிந்த காலையில் பாதிச் சனம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. ஆள் எண்ணிப் பார்த்த துரைக்குக் கோபம் வந்துவிட்டது. கூத்துச் சாமானை எல்லாம் பறித்து வரச் சொன்னார். ஆசாரியின் லயத்து வீட்டுக்கு வந்து கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு போனவன் இதே வீரய்யாதான்.

"நம்ம சனத்துல பொறந்தவனாடா நீ?" என்று ஆசாரி மண்ணை வாரித் தூற்றினார். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

இப்போது பின்பலகையைக் கழட்டி மாட்டவேண்டுமாம். ஆசாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பின்வழியாக எடுத்து நுவரெலியாவில் விற்றுவிடுவான். சாமான் காணாமல் போனால் பழி யார் தலையில்? அலுமாரி செய்தவன் தலையில்!

மூன்றாம் நாள் துரை வேலையைப் பார்க்க வந்தார்.

"பூட்டு நல்லதா, ஆசாரி?"

"பூட்டு நல்ல பூட்டுதாங்க, தொரை. ஆனா பின்பலகைக்கு ஆணி வேணாம், தொரைக்குத் தெரிய வேணாம்னு அப்பு சொல்றாருங்க."

துரையின் முகம் சிவந்தது. வீரய்யாவைக் கூப்பிட்டார்.

"ஆசாரி சொல்றது நெசமா?"

வீரய்யா ஆசாரியை ஒருதரம் பார்த்தான்.

"நெசந்தாங்க, தொரை."

ஏன் எதற்கு என்று துரை கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை.

அன்று மத்தியானமே பேரை வெட்டி, பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷ வேலை. பெண்சாதியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வீரய்யா ரோட்டோரத்தில் கொட்டகலை பஸ்ஸுக்கு நின்றான். ஆசாரி பங்களா வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டே பின்பலகைக்கு ஆணி அடித்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, பன்னிரண்டு ஆணி. ஒவ்வொன்றுக்கும் மனசு குளிர்ந்தது.

மாசி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்பதால், சனிக்கிழமை ராத்திரி கூத்து வைத்துக்கொள்ளத் துரை சம்மதித்திருந்தார். கூத்து வாத்தியார் கந்தப்பன் ஆசாரியின் லயத்து வாசலில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"இந்த வருசம் மதனுக்குத் தலப்பாகதான் ஆசாரி. கிரீடம் வர வழியில்ல."

"எப்பிடி வரும், வாத்தியாரே? அதத்தான் அந்த வீரய்யாப் பய தொரைக்குக் காணிக்கையாக் குடுத்துட்டானே."

கந்தப்பன் தலையாட்டினார்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். தொரை எல்லாத்தையும் தேயில ஸ்டோர் அடுப்புல போட்டு எரிக்கச் சொன்னாராம். வில்லு, அம்பு, உடுப்பு எல்லாம் எரிஞ்சு போச்சு. கிரீடத்த மட்டும், 'இது பழங்காலத்துச் சாமானுங்க தொரை, ஒங்க சேகரத்துல வைங்க'ன்னு வீரய்யா கையப் புடிச்சுக் கெஞ்சி வாங்கி வச்சிருக்காரு."

ஆசாரி வாத்தியாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சனிக்கெழமன்னா ராத்திரி தொரை கிளப்புக்குப் போயிருவாராம். அலுமாரிப் பின்பலகையக் கழட்டி எடுத்துத் தாரேன், விடியறதுக்குள்ள திருப்பி வச்சுருவோம், வருசா வருசம் இப்பிடியே செய்யலாம்னு வீரய்யா எங்கிட்டச் சொன்னாரு. ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப அவரே தோட்டத்த விட்டுப் போயிட்டாரு, அதான் சொல்றேன்."

"ஏன்?"

"நீ புள்ளகுட்டிக்காரன். எப்பவாச்சும் மாட்டிக்கிட்டா, 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை'ன்னு நீ நெசமாவே சொல்லணுமாம்."

பாவி, பாவி என்று ஆசாரியின் மனசு அடித்துக்கொண்டது. நான்தான் சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் கேட்டார்:

"அப்ப... தொரைக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சாம்?"

"பஸ் ஏறும்போது கேட்டேன். 'தொரையே பலகையத் தட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டாரு. ஆசாரியாரு மேல ஒரு தப்பும் இல்ல, இந்த வருசமும் அவரத்தான் மதனா நிறுத்தணும்'னு சொல்லிட்டுப் போனாரு."