கண்ணில் படாத கொக்கி

"கொக்கி இருக்கணும். ஆனா இருக்கிறது எவன் கண்ணுலயும் படக்கூடாது. இதுல உனக்கு என்னப்பா புரியல?"

மூன்று நாளில் முருகையன் இதைச் சொல்வது முந்நூறாவது தடவை. பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருக்கும் அந்த வெல்டிங் பட்டறையின் சுவர்ப் பல்லிக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது. பட்டறைக்காரன் செபஸ்டினுக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

"புரியுதுண்ணே. எடம்தான் இல்ல." ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னான்.

"எடம் இல்லியா? போன மாசம் கதிரறுக்கிற மெஷினையே ரெண்டா வெட்டி ஒட்டுன ஆளு நீ. ஒரு சாண் பைப்பு வைக்க எடம் இல்லங்கிற."

அவர் கேட்டது பெரிய காரியமில்லை. ஜீப்பின் முன்பக்கம், பம்பருக்கு உள்ளே ரெண்டு அங்குலச் சதுரப் பைப் ஒன்று. வண்டி சேற்றில் மாட்டினால் அதில் கொக்கியைச் செருகி, குறுக்கே ஒரு இரும்புப் பின்னைப் போட்டு, வேறு வண்டியை விட்டு இழுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கொக்கியை உருவிச் சீட்டுக்கடியில் போட்டுவிடலாம். பைப் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாக, அவர் மனைவி சம்பூர்ணத்துக்கு.

காரணம் உண்டு. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடும் முருகையன், நல்ல விலை கிடைத்த ஒரு வருஷத்துக் குஷியில், நாலு சக்கரமும் இழுக்கும் இந்த ஜீப்பை வாங்கினார். "கரிசக்காட்டுக்கு என் டிராக்டரே போதுமுங்க" என்றாள் சம்பூர்ணம். அவள் டிராக்டரை அவளேதான் ஓட்டுவாள். முருகையன் நாலு பேர் முன்னால் சவால் விட்டார்: "என்னைக்காவது உன் டிராக்டர் இத இழுத்துச்சுன்னா, மறுநாளே ஜீப்ப வித்துப்புட்டு உன் மட்கார்டுல உக்காந்து வரேன்."

மழை பெய்தால் அந்தக் கரிசல், யானையைக்கூட நாலு நாள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜீப் எம்மாத்திரம். மூன்று தடவை மாட்டியது. மூன்று தடவையும் முருகையன் வண்டியைச் சாவியோடு போட்டுவிட்டு, வாயைத் திறக்காத வெளியூர் டிராக்டர் தேடிப் பாடாலூர் வரை நடந்தார். மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்து பார்த்தால், ஜீப் சமர்த்தாகத் தார் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது.

செட்டிகுளத்து மலைமேல் இருக்கும் முருகனே இறங்கி வந்து தள்ளிவிட்டிருக்கிறான் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. தடவைக்கு ஒரு தேங்காய் உடைத்தார். ஆனால் ஐப்பசி மழை தொடங்கப் போகிறது. சாமியை எத்தனை தடவைதான் மலையிறக்குவது?

"சரி, இடது பக்கம் வையி."

"ஹாரன் இருக்குண்ணே."

"வலது பக்கம்?"

"இழுக்கறப்ப வண்டி கோணிக்கும்."

"அப்ப நடுவுல வையேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி."

செபஸ்டின் எழுந்து கையைத் துடைத்தான். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்ணே."

நம்பர் பிளேட் என்ற பேச்சை எடுத்தாலே அவனுக்கு டீ வேண்டும். இந்த மூன்று நாளில் அவன் குடித்த டீயைக் கொண்டு ஒரு ஏக்கர் நடவு நடலாம்.

முருகையனின் போன் அடித்தது. சம்பூர்ணம்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"உரக்கடையில."

"மூணு நாளா என்ன உரமுங்க அது? வரப்ப ஒரு எலிப்பொறி வாங்கிட்டு வாங்க. வெங்காயம் கொட்டி வச்சிருக்கிற பட்டறையில ஒரே எலியா இருக்கு."

"போன தீவாளிக்கு எடுத்த உன் பச்சப் பொடவையில முந்தானைய ஒரு முழம் கடிச்சிட்டுப் போச்சே, அந்த எலியா?"

எதிர்முனை கொஞ்சம் யோசித்தது. "ஆமா. அதாத்தான் இருக்கும். சரி, மழை இருட்டிக்கிட்டு வருது. காட்டு வழியா வராதீங்க, மெயின் ரோட்டுலயே வாங்க."

முருகையன் போனை வைத்தார். பொறுமையையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டார். "போதும்பா. ஸ்பேனரக் குடு. நானே கழட்டிப் பாக்கறேன்."

செபஸ்டின் பாய்ந்து வந்து பம்பருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். "அண்ணே, வேணாம்ணே."

"ஏன் வேணாம்?"

"சொல்ல முடியாதுண்ணே. ஏலாக்குறிச்சி மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நம்பர் பிளேட்டுக்கெல்லாமாப்பா சத்தியம் பண்ணுவாங்க? மூணு நாளா என் உயிர வாங்கிட்டு, இப்ப மாதாவ வேற கூப்புடுற."

செபஸ்டின் மேலே பார்த்தான். உதடு முணுமுணுத்தது. மாதாவிடம் ஏதோ விளக்கம் கேட்பது போல இருந்தது. பிறகு முகம் தெளிந்தது.

"சொல்ல மாட்டேன்னுதாண்ணே சத்தியம் பண்ணேன். கழட்ட விட மாட்டேன்னு பண்ணல."

விலகி நின்று, ஸ்பேனரையும் அவனே எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு போல்ட். இரண்டாவது கழன்றதும் நம்பர் பிளேட், கீல் வைத்த ஜன்னல் கதவு போலச் சத்தமில்லாமல் கீழே மடிந்தது.

உள்ளே, கறுப்புப் பெயிண்ட் அடித்த ரெண்டு அங்குலச் சதுரப் பைப். வாயெல்லாம் காய்ந்த கரிசல் மண். அதன் குறுக்கே ஒரு பின். வண்டி ஓடும்போது லொடலொடக்காமல் இருக்க, அந்தப் பின்னை இறுக்கிச் சுற்றியிருந்தது, சம்பூர்ணத்தின் பச்சைப் புடவையில் எலி கடித்துக்கொண்டு போன அந்த ஒரு முழ முந்தானை.