நான்காவது வரி

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. மங்கலான அவசர விளக்கின் கீழ் நின்றவளுக்கு, தலைக்கு மேலே கதவுக்கு வெளியிலிருந்து வந்த அந்தக் கேள்வியைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

அது அவளே எழுதிய கேள்வி.

அதைக் கேட்ட குரலோ, செத்தாலும் அதைக் கேட்காது என்று அவள் நினைத்திருந்த குரல்.

"ஒருத்தர்தான்," என்றாள், குரலை வேறு யாருடையதோ போலச் சுருக்கிக்கொண்டு.

லிஃப்ட்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் புகார்களைக் கேட்டு ஆள் அனுப்புவது அவள் வேலை. வெளியே நின்றவர் அங்கே மூத்த மெக்கானிக். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், அதனால் நோட்டுக்காரர்.

போன வருடம் இதே கட்டடத்தில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டார். மெஷின் ரூம் சாவி எங்கே என்பது இன்னொரு மெக்கானிக்கின் நோட்டில் இருந்தது. நோட்டு அவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

அன்று தொடங்கியதுதான் அவளுடைய விக்கி, நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் போனிலேயே படித்துத் திருத்தக்கூடிய பக்கங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்டுக்கும் தலா ஒரு பக்கம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினால் ஆயுசு போதாது. அதனால் முதலில் ஒரே ஒரு வார்ப்புரு செய்தாள். சாவி எங்கே, மெயின் சுவிட்ச் எந்தப் பக்கம், எந்த மாடிக் கதவு முரண்டு பிடிக்கும். வெற்றிடங்களை நிரப்பினால் பக்கம் தயார். வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றினால் இருநூற்றுப் பன்னிரண்டிலும் அது தானாக மாறிவிடும்.

அதன் அடியில், உள்ளே இருப்பவரிடம் என்ன பேச வேண்டும் என்று மூன்று வரிகள்.

டீ நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு நோட்டுக்காரர் சொன்னார்: "லிஃப்ட் கம்பில ஓடுது மேடம். கம்ப்யூட்டர்ல ஓடல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஏழு மாதம். யார் எதைத் திருத்தினார்கள் என்று காட்டும் மாற்றங்கள் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயர்தான். பார்த்துப் பார்த்து அலுத்து, போன மாதத்தோடு அதைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வரும் திங்கட்கிழமை கூட்டத்தில் மேலாளர் முடிவு சொல்வார். யாரும் தொடாத விக்கியை எதற்கு வைத்திருப்பது என்று அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாகிவிட்டது.

இன்று கடைசி லிஃப்ட்டின் வெற்றிடங்களை நிரப்பத்தான் வந்தாள். கீழே காவலாளி அறையில் நின்றபடி போனிலேயே எழுதினாள். 'சாவி: காவலாளி அறை, கதவுக்குப் பின்னால், இரண்டாவது கொக்கி.' சேமித்தாள். அடியில் இருந்த வரிகளைப் பார்க்கவில்லை, தான் எழுதியதுதானே.

மெஷின் ரூமையும் பார்த்துவிடலாம் என்று ஏறினாள். லிஃப்ட்டுக்கே பொறுக்கவில்லை போலும், நடுவில் நின்றுவிட்டது. அலாரம் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"தரையில உக்காருங்க. கதவத் தொடாதீங்க."

இரண்டாவது வரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நிமிஷம் ஆகும்."

மூன்றாவது வரி. சும்மா 'இதோ' என்று சொல்லக் கூடாது, நேரத்தைச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவ்வளவுதான். இனி அவர் மேலே போக வேண்டும். ஆனால் காலடி நகரவில்லை.

"வீட்டுல யாருக்காவது தகவல் சொல்லணுமாங்க?"

அவள் சிரிப்பு நின்றது.

இதை அவள் எழுதவில்லை. இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பள்ளி விட்டு கால் மணி நேரம் ஆகியிருக்கும். மகள் வாசலில் பையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். உள்ளே போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தங்கையின் நம்பரைச் சொல்லி, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்றாள்.

வெளியே அவர் பேசுவது கேட்டது. "சித்தி கிளம்பிட்டாங்களாம். பாப்பாவ அவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க," என்றார்.

பிறகுதான் படியேறினார். கூடவே சாவி குலுங்கியது. இரண்டாவது கொக்கியில் முக்கால் மணி நேரத்துக்கு முன்பு அவள் பார்த்த சாவி.

ஒன்பதாவது நிமிடத்தில் லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி இரண்டாவது மாடியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

அவர் கையில் போன். திரையில் அவளுடைய பக்கம். போனுக்கு நோட்டின் பழைய பிளாஸ்டிக் உறை.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அதைப் பையில் திணித்தார். நீங்களா மேடம், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தபடி, பதிலுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

அவள் படியில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாகத் திறக்காத மாற்றங்கள் பட்டியலைத் திறந்தாள்.

உச்சியில் இன்றைய வரியில் மட்டும் அவள் பெயர். அதற்குக் கீழே, விரல் தள்ளத் தள்ள, ஒரே பெயர். சுவிட்ச் இடதல்ல, வலது. சாவி மாறிவிட்டது. ஐந்தாம் மாடிக் கதவை உதைக்க வேண்டாம், தூக்க வேண்டும். பதிந்துகொண்ட பெயரும் 'நோட்டுக்காரர்' என்றே இருந்தது. அந்தப் பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்காது என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமைக்காக இரண்டு பக்கத்துக்குப் பேச்சு எழுதி வைத்திருந்தாள். இனி அது வேண்டாம். இந்தப் பட்டியலைத் திரையில் காட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

அந்தப் பெயர் தொடங்கும் இடத்தில், மூன்று வாரங்களுக்கு முன்பு, அவருடைய முதல் திருத்தம். அது எந்த லிஃப்ட்டின் பக்கத்திலும் இல்லை. வார்ப்புருவில். அவளுடைய மூன்று வரிகளுக்கு அடியில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்; அது அன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் இருந்தது.

திருத்தியதற்குக் காரணம் கேட்கும் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. அவளே நிரப்பியதில்லை.

அவர் நிரப்பியிருந்தார்:

'போன வருஷம் அந்த ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தது என் தம்பி. யாரும் இதைக் கேக்கல.'