சல்லடையில் மண்

"எங்க கடைச் சல்லடையில மண்ணை அள்ளிப் போட்டது யாரு?"

விஜயராஜ் போட்ட சத்தத்தில், கண்காட்சி பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள்.

போடியில் ஒரு பள்ளியும் வெளியூர்க் கல்லூரி ஒன்றும் சேர்ந்து நடத்தும் கண்காட்சி அது. கல்லூரியின் நிலவியல் துறையில் சேர ஆள் கிடைக்கவில்லை. அதனால் பேராசிரியை பொற்கொடி, சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லையும் மண்ணையும் காட்டிப் பாடம் நடத்துகிறார். இத்தனை நாள் நடத்தியதில், "நான் கண்டிப்பா சேர்றேன் மேடம்" என்று கை தூக்கியவள் ஒருத்திதான். விஜயராஜின் மகள் ஷெர்லின்.

இப்போது அவள் மேசையில்தான் அந்தச் சல்லடைகள் இருந்தன. ஏலக்காயைச் சலித்து, பெரிசு சிறிசு என்று ரகம் பிரிக்கிற சல்லடைகள். அவற்றில் மண்ணும் சரளையும் கிடந்தன.

"பாருங்கண்ணே எம் மக பார்த்த சோலிய! நேத்து ராத்திரி சோறு திங்கும்போது சல்லடை கேட்டா. உங்க முன்னாடிதான தரமாட்டேன்னு சொன்னேன்? காலையில கடையத் தொறந்தா ஒண்ணையும் காணோம்!"

அண்ணன் சௌந்தரபாண்டியனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தார் விஜயராஜ். ஏலக்காய்க் கடையானாலும் வீடானாலும் கடைசிச் சொல் அண்ணனுடையதுதான்.

"நான் எடுக்கல பெரியப்பா. நான் வந்தப்பவே மேசையில இருந்துச்சு." ஷெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"களவு போதாதுன்னு பொய் வேறயா?"

பொற்கொடி குறுக்கே வந்தார். "சார், பொண்ணைத் திட்டாதீங்க. சல்லடையைக் கழுவிக் குடுத்துர்றோம். நல்லாப் படிக்கிற பொண்ணு, எங்க காலேஜ்ல மட்டும் சேர்ந்தான்னா..."

"சேர்ந்தா? கல்லு பொறுக்க ஒரு படிப்பா? சுத்தியலைத் தூக்கிக்கிட்டு மலை மலையா அலைய எம் மகளை விடமாட்டேன். பி.காம். முடிச்சுட்டுக் கடையில வந்து உக்காரட்டும். நான் சொல்றது சரிதானண்ணே?"

சரி என்ற சொல் சௌந்தரபாண்டியன் வாயில் லேசில் வராது. கேட்பது தம்பி என்றால் இன்னும் கஷ்டம். கடைக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாம் என்று தம்பி சொன்ன ஒரே காரணத்துக்காக நீலம் அடிக்கச் சொன்ன மனுஷர் அவர்.

"நீ கொஞ்சம் வாயை மூடுறியா?" என்றார் தம்பியிடம். பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. மண்ணை எதுக்குச் சலிக்கிற?"

ஷெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது கொட்டக்குடி ஆத்து மணல் பெரியப்பா. எல்லாச் சல்லடையிலயும் அப்படியே கீழ இறங்கிருச்சு. இது போடிமெட்டு ரோட்டுல ஒரு வளைவுல அள்ளுன மண்ணு. ஒவ்வொரு சல்லடையிலயும் கொஞ்சம் கொஞ்சம் நின்னுருச்சு. தண்ணி நம்ம கடை மாதிரி, ரகம் பிரிச்சுத்தான் கொண்டாரும். மலை சரிஞ்சு வந்தா பெருசும் சிறுசும் கலந்துதான் வரும். அப்போ இந்த வளைவுல மலை ஏற்கெனவே சரிஞ்சிருக்கு. பெருமழை பெஞ்சா மறுபடியும் சரியலாம்."

"எந்த வளைவு?"

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் அவள் விரலை வைத்தாள். சௌந்தரபாண்டியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"போன ஐப்பசியில நம்ம லோடு ஜீப்பு மாட்டுன எடமுல்ல இது! டிரைவரு உசுரோட வந்ததே பெரும்பாடு."

"அதெல்லாம் சும்மாண்ணே," என்றார் விஜயராஜ். "மலை சரியுறதை இவ போய்க் கையை வச்சா நிறுத்தப் போறா? வெரசா வாங்க, கடையில ஆள் நிக்குது."

"நிறுத்த முடியாதுதான். ஆனா முன்கூட்டியே சொல்ல முடியும். அன்னைக்கு ஜீப்பை அனுப்பாம இருக்க முடியும்." இப்போது ஷெர்லினின் குரலில் அழுகை இல்லை.

சௌந்தரபாண்டியன் அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து, ஏலக்காய் பார்ப்பது போல உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"டீச்சர், உங்க காலேஜ்ல ஹாஸ்டல் இருக்கா?"

"இருக்கு சார். பொண்ணுங்களுக்குத் தனியாவே இருக்கு."

"அண்ணே! நான் இதுக்கு ஒத்துக்கவேமாட்டேன்!" விஜயராஜ் குதித்தார்.

"உன்னைய எவன்டா கேட்டான்? பாப்பா இதைத்தான் படிக்கிறா. சல்லடையும் இங்கேயே இருக்கட்டும், கடைக்கு வேற வாங்கிக்கலாம்." ஷெர்லின் தலையில் கை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார் சௌந்தரபாண்டியன்.

பொற்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷெர்லினுக்கும்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முணுமுணுத்துக்கொண்டே வாசல் வரை போன விஜயராஜ், அண்ணன் ஜீப்பில் ஏறி உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"நெசமாவே நான் எடுக்கலப்பா," என்று பின்வாங்கினாள் ஷெர்லின்.

"தெரியும் பாப்பா," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார் விஜயராஜ். "காலையில ஸ்கூல் வாட்ச்மேன்கிட்ட குடுத்து உன் மேசையில வைக்கச் சொன்னப்ப, அந்த அஞ்சு எம்.எம். சல்லடைய மட்டும் மறந்துட்டேன். சாயந்திரம் கொண்டாறேன், பெரியப்பாகிட்ட மூச்சு விட்டுராத!"