ஏரிக்கரையில் முதல் படம்

"சத்தமே இல்ல மச்சான்! பறவையோட கண்ணைத் தானாவே ஃபோகஸ் பிடிச்சுக்குது." கரைவெட்டி ஏரிக்கரையில் புது மிரர்லெஸ் கேமராவைக் காட்டினான் அறிவரசன்.

"முதல்ல உம் பொண்ணை எடு மாப்ள," என்றான் வேல்முருகன்.

ஐந்து வயது தமிழ்மொழி உடனே மாமன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"கேமரான்னா அவளுக்குக் கூச்சம்," என்ற அறிவரசன், கிளையில் இருந்த மீன்கொத்தியைப் படம் எடுத்தான்.

அவள் மெல்ல வந்து கேமராத் திரையைப் பார்த்தாள். பிறகு கிளையைப் பார்த்தாள். மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து, மீனோடு திரும்பியது.

"அப்பா, படம் எடுத்தும் இது சாவலையே!"

"ஏன் பாப்பா சாவணும்?"

"சுவத்துல அம்மா படத்தை மாட்டுனப்புறந்தான அம்மா வரவேயில்ல?"

அறிவரசன் கேமராவைத் தாழ்த்தினான்.

தமிழ்மொழி ரிப்பனைச் சரிசெய்துகொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப என்னை எடுப்பா. மாமாவும் நிக்கட்டும்."