உத்தம மனஸ்தாபம்

ஜெனோசன் அழுத அழுகையில், மாதா கோயிலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பீடத்தின் முன் முழந்தாளிட்டு, இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்த பொட்டலத்தை அவன் அவிழ்த்தான். உள்ளே மாதா சிலையின் தங்க மணிமுடி மின்னியது. பல வருடங்களுக்கு முன் ஊரார் ஒரு வருடம் முழுக்க, பிடித்த மீனில் ‘மாதா பங்கு’ என்று தினமும் ஒரு பங்கு ஒதுக்கிச் செய்வித்த முடி. ஐந்து நாட்களாகக் காணாமல் போயிருந்தது.

“நான்தான் எடுத்தனான். என்னை மன்னியுங்கோ!”

அந்த ஐந்து நாளும் கோயில் மூப்பர் செபஸ்தியாம்பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இளைஞர்கள் பொலிசுக்குப் புறப்பட்டபோது குறுக்கே நின்றவரும் அவர்தான்.

“பொலிஸ் வந்தால் முடி வழக்குப் பொருளாகிக் கோட்டில கிடக்கும். திருநாளுக்கு மாதா வெறுந்தலையோட நிக்கிறதோ? எடுத்தவன் மனந்திரும்புவான், பாருங்கோ.”

திருடனுக்கும் இரங்குகிற மனம் யாருக்கு வரும் என்று ஊரே உருகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் கோயில் குருவான சுவாமி பிரசங்கம் வைத்தார். பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபத்தில் இரண்டு வகை. தண்டனைக்குப் பயந்து அழுவது அரைகுறை மனஸ்தாபம். கடவுளை நோகச் செய்தோமே என்று அழுவதுதான் உத்தம மனஸ்தாபம். அதற்கு அடையாளம் மூன்று: கண்ணீர், ஊரறிய வெட்கப்படுவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. மூப்பர் முன்வரிசையில் இருந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

இதோ, ஞாயிறு பூசையிலேயே மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன.

“இது உத்தம மனஸ்தாபம்தான்!” சுவாமிக்கே குரல் தழுதழுத்தது. “மூப்பர், முடி கொஞ்சம் நெளிஞ்சு கிடக்குது. தட்டாரிட்ட ஒருக்காக் குடுத்து எடுப்பமோ?”

“வேண்டாம் சுவாமி! மாதாவின்ர முடியைக் கண்டவன் நிண்டவன் கையில குடுக்கிறதோ? நானே பார்த்துக்கொள்ளுறன்.”

பறிக்காத குறையாக முடியை வாங்கிக்கொண்டு, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குள் போனார். ஜெனோசனும் விசும்பிக்கொண்டே பின்னால் வந்தான். மூப்பர் கதவைச் சாத்தினார்.

“காணும்டா அழுதது. இதை ஆருக்கும் காட்டினியோ?”

“சிலாபத்தில, எங்கட ஊர் ஆக்கள் எல்லாரும் போற நகைக்கடையில மட்டும்தான், மூப்பர். வேற கடை எனக்கு எங்க தெரியும்?”

மூப்பர் கதவின் தாழ்ப்பாளையும் போட்டார்.

“கையில எடுத்த உடனையே கடைக்காரர் சிரிச்சுப்போட்டார். ‘இந்தப் பித்தளை முடியை நான்தானே செய்து குடுத்தனான்’ எண்டார். தங்கத்துக்கு நரகம் போனாலும் ஒரு நியாயம் இருக்கு. பித்தளைக்குப் போறதோ? அதை நினைக்க நினைக்க அழுகை அடங்குதில்லை.”

“ஆருக்குச் செய்து குடுத்ததெண்டு... கேட்டியோ?”

ஜெனோசன் அழுகையை நிறுத்தினான். முகத்தை லேஞ்சியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த ஈரக் கைக்குட்டையை மூப்பரிடம் மரியாதையாக நீட்டினான்.

ஆறு வருடங்களுக்கு முன் மாதாவின் தங்க முடியை அதே கடையில் உருக்கி விற்றபோது ஒரு சொட்டுக்கூட வராத கண்ணீர், செபஸ்தியாம்பிள்ளைக்கு இப்போது தாரை தாரையாக வந்தது.