மாடிப்படிப் பாட்டு

“கேக்க ஆளில்லாத ஊரிலே, கோப்பை ஒண்ணுதான் உறவு...” மாடியிலிருந்து கணவனின் குரல் தள்ளாடித் தள்ளாடி இறங்கி வந்தது. கீழே பல் டாக்டரம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

போன வாரம் மாடிப்படியில் குப்பென்று ஒரு வாடை அடித்தது. அன்றே சொல்லிவிட்டாள்: இந்த வீட்டில் குடிப்பது யாராக இருந்தாலும் பெட்டியோடு வெளியே. தொட்டதே இல்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். சத்தியம் செய்த வாய், சாயங்காலமானால் இந்தப் பாட்டைத்தான் பாடியது.

பாட்டுக்கு என்னதான் அர்த்தம் என்று காலையில் அப்பாவிடம் கேட்டாள். தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடைதோறும் மதுவை விரட்டி, ‘மதுவிலக்குச் செம்மல்’ என்று பட்டமும் வாங்கியவர். ஒரு மாதமாகப் பல்வலி என்றாலும் மகளிடம் வாயைத் திறந்து காட்ட மாட்டார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பொழிப்புரை சொன்னார்.

“அது சாராயக் கோப்பை இல்லம்மா. கோப்பைங்கறது இந்த உடம்பு. ஆளில்லாத தனிமைங்கறது ஆன்மா. மாப்பிள்ளை ஞானியாயிட்டு வர்றார்.”

சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத மனுஷனுக்கு ஞானம் எந்த வழியாக வந்ததென்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பட்ட பொருளே வேறு. தனிமை என்றால் பெண்டாட்டிமேல் குறை; கோப்பை என்றால் கோப்பை.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூனைபோல் ஏறினாள். பாதியில் மரப்படி ஒன்று முனகியது. உடனே பாட்டு உச்சத்துக்குப் போனது. என்ன நெஞ்சழுத்தம் இந்த ஆளுக்கு என்று பல்லைக் கடித்தாள்.

அப்பாவின் படிப்பறைக் கதவில் சாய்ந்தபடி நின்றிருந்தான் கணவன். கையில் ஒன்றுமில்லை. அவள் சுற்றிலும் துழாவினாள். பூந்தொட்டி மண்ணுக்குள்கூட விரலை விட்டுப் பார்த்தாள்.

“வாயைத் திறங்க.”

திறந்தான். ஊரார் வாயையெல்லாம் பார்த்துத் தேர்ந்த மூக்கு, ஆழ இழுத்துப் பார்த்தது. மத்தியானம் தின்ற வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவள் முகம் தொங்கிப்போனது. அவனுக்காகக் கட்டி வைத்த பெட்டி கீழே கூடத்தில் நிற்கிறது; அதை அவன் கண்ணில் படாமல் எப்படிப் பிரிப்பது, எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது?

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மூடியிருந்த கதவை மெல்லத் தட்டினான்.

“மாமா, இனிமே பாடிப் பிரயோஜனமில்ல, வெளியே வந்துடுங்க.”