மூன்றாவது மீன்

மிச்சிகன் ஏரியில் தூண்டில்களை இழுத்தபடி எங்கள் படகு மெதுவாக ஊர்ந்தது. நானும் மச்சான் ஆர்விட்டும் மட்டும்தான். ஒருவர் மீனை இழுத்தால் மற்றவர் வலை பிடிப்பார்; அடுத்த மீனுக்கு முறை மாறும். பெட்டியில் மூன்று சால்மன் கிடந்தன.

“அடுத்தது என் முறை,” என்றேன். “இப்ப இழுத்தது நீதானே?”

“நானா? நீ இழுத்த, நான் வலை புடிச்சேன்.”

“விளையாடாத மச்சான். வலை என் கையில இருந்துச்சு.”

“காலங்காத்தாலயே ஏத்திட்டியா? நீ குனிஞ்சு இழுத்த. பின்னாடி நின்னு உன் முதுகத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

நானும் ஒரு முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தூண்டில் கழி வளைந்தது. கழியைத் தொட இருவருக்குமே துணிவில்லை; இருவர் கையும் வலைக்கே போனது. கழியில் நூல் சுற்றும் ரீல் நிதானமாகச் சுற்றத் தொடங்கியது, மீனை உள்ளே இழுத்தபடி.